ராடாருக்குப் போட்ட கதவு

1971 அக்டோபர் 6. அந்தத் தேதிக்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான ஒவ்வொரு மைக்ரோவேவ் அடுப்பும் ஒரு புது விதிக்குக் கட்டுப்பட்டது. அடுப்பின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி எந்த இடத்தில் அளந்தாலும், கடைக்குப் போகும் முன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட்டுக்கு மேல் நுண்ணலை கசியக் கூடாது. வீட்டுக்கு வந்து வருடக்கணக்கில் உழைத்த பிறகும் கசிவு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவைத் திறந்ததும் அலை நிற்பதற்கு ஒரே ஒரு ஸ்விட்சை நம்பியிருக்கக் கூடாது. தனித்தனியாக இயங்கும் இரண்டு காவல்கள் இருந்தாக வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு விஞ்ஞானியின் சட்டைப் பையில் உருகிய சாக்லேட்டில் தொடங்கி, அது எப்படி உலகச் சமையலறைகளைப் பிடித்தது என்பதில் முடிப்பார்கள். ஆனால் போருக்காகப் பிறந்த ஒரு கருவியை வீட்டுக்குள், குழந்தைகள் நடமாடும் இடத்தில், மேஜை மேல் வைக்க முடிந்ததற்கு சாக்லேட் காரணமல்ல. ஒரு கதவும் அந்தக் கதவைப் பற்றி நடந்த நெடிய வாக்குவாதமும்தான் காரணம்.

அடுப்பின் இதயம் மேக்னட்ரான் என்னும் வால்வு. 1940 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் செம்புக் கட்டி ஒன்றில் குழிகள் குடைந்து, சுமார் 10 சென்டிமீட்டர் நீள அலைகளை அதுவரை கண்டிராத வலிமையில் எழுப்பிக் காட்டினார்கள். இவ்வளவு குட்டையான அலைகள் கிடைத்தால் விமானத்துக்குள்ளேயே பொருத்தக்கூடிய ராடார் சாத்தியம். ஜெர்மன் குண்டுவீச்சில் திணறிக்கொண்டிருந்த பிரிட்டனுக்கு அதைப் பெருமளவில் தயாரிக்க ஆலைகள் இல்லை. எனவே அதே ஆண்டு செப்டம்பரில் ஹென்றி டிசார்ட் தலைமையிலான குழு அந்த ரகசியத்தை ஒரு பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரேதியான் நிறுவனத்தில் அது பெர்சி ஸ்பென்சரின் கைக்கு வந்தது. 1894-ல் மெய்ன் மாநிலத்தின் ஹவ்லண்ட் என்ற சிற்றூரில் பிறந்த ஸ்பென்சர் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆலையில் வேலை பார்த்து, பின்பு கப்பற்படையில் சேர்ந்து, கம்பியில்லாத் தந்தியைத் தானே படித்துக் கற்றவர். செம்புக் கட்டியைக் கடைந்து கடைந்து மேக்னட்ரான் செய்வதை விட்டுவிட்டு, மெல்லிய தகடுகளை அச்சில் வெட்டி அடுக்கிப் பற்றவைக்கலாம் என்பது அவர் கண்ட வழி. நாளொன்றுக்கு 17 ஆக இருந்த உற்பத்தி போர் முடிவதற்குள் 2,600-ஐ எட்டியதாக நிறுவன வரலாறு சொல்கிறது.

போர் முடிந்ததும் ஆர்டர்கள் வறண்டன. இத்தனை மேக்னட்ரானை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்ற கேள்வி எழுந்த நேரத்தில்தான் சாக்லேட் கதை வருகிறது. இயங்கும் மேக்னட்ரான் அருகே நின்ற ஸ்பென்சரின் பையில் மிட்டாய் இளகியது. அவர் சோளத்தைக் கொண்டுவரச் சொன்னார், அது பொரிந்தது. மறுநாள் முட்டையை வைத்தார்கள், அது எட்டிப் பார்த்தவர் முகத்தில் வெடித்தது என்பார்கள். கதையில் காலப்போக்கில் மெருகு ஏறியிருக்கலாம். உறுதியாகத் தெரிவது, 1945 அக்டோபர் 8-ல் உணவைச் சூடாக்கும் முறைக்கு அவர் காப்புரிமை கோரினார், 1950 ஜனவரி 24-ல் அது வழங்கப்பட்டது என்பதே.

1947-ல் வெளிவந்த முதல் 'ராடாரேஞ்ச்' ஆள் உயரம் இருந்தது, ஏறக்குறைய 340 கிலோ எடை. மேக்னட்ரானைக் குளிர்விக்கத் தனியாகத் தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும். விலையோ ஆயிரக்கணக்கான டாலர். ஓட்டல்களும் கப்பல்களும் வாங்கின. பயிற்சி பெற்ற சமையல்காரர்கள் அதைக் கையாண்டார்கள். ஏதேனும் கோளாறென்றால் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். இயந்திரம் ஆபத்தானதா என்ற கேள்வி தொழிற்கூடத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது.

1955-ல் ஒஹையோவின் டப்பன் நிறுவனம் வீட்டுக்கென்று ஒரு மாதிரியைக் கொண்டுவந்தது. விலை 1,295 டாலர். அந்தக் காலச் சம்பளத்துக்கு அது எட்டாக் கனி. 1965-ல் ரேதியான், குளிர்பதனப் பெட்டிகளுக்குப் பேர்போன அமானா நிறுவனத்தை வாங்கியது. 1967-ல் அமானா 495 டாலருக்கு மேஜை மேல் வைக்கும் அடுப்பு ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. வீட்டில் இருக்கும் சாதாரண 115 வோல்ட் பிளக்கில் செருகினால் போதும். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் பயிற்சி பெற்ற சமையல்காரராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளை பசியில் திறக்கும், பாட்டி கண்ணாடி போடாமல் பட்டனைத் தட்டுவார். பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளே இங்கே மாறிப்போனது. பயன்படுத்துகிறவருக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் இனி இயந்திரத்தைச் செய்ய வேண்டும்.

அச்சம் காரணமில்லாமல் வரவில்லை. நுண்ணலை எக்ஸ்ரேயைப் போல அணுக்களைப் பிய்ப்பதில்லை. சாப்பாட்டைக் கதிரியக்கமுள்ளதாக மாற்றுவதும் இல்லை. மின்சாரம் நின்ற நொடியில் அலையும் நின்றுவிடும். ஆனால் சாம்பாரில் உள்ள தண்ணீரைச் சூடாக்குகிற அலை உடம்பில் உள்ள தண்ணீரையும் சூடாக்கும். உடம்பின் பல பாகங்களில் ஓடும் இரத்தம் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கண்ணின் வில்லையில் இரத்த நாளமே கிடையாது. 1952-ல் நுண்ணலைக் கருவியை இயக்கிவந்த ஒரு தொழில்நுட்பப் பணியாளருக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்ததை மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. மறு ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்வான், உடம்பு வெளியேற்றக்கூடிய வெப்பத்தைக் கணக்கிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்ற எல்லையை முன்வைத்தார். அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டது. சோவியத் யூனியன் வகுத்த எல்லை 10 மைக்ரோவாட், அதாவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு வல்லரசுகளின் விஞ்ஞானிகள் ஒரே அலைக்கு ஆயிரம் மடங்கு வேறுபட்ட எல்லைகளைச் சொன்னால் சாதாரண மனிதர் யாரை நம்புவார்?

சட்டம் வருவதற்குத் தூண்டுகோலாக அமைந்தது மைக்ரோவேவ் அடுப்பு அல்ல, வண்ணத் தொலைக்காட்சி. 1967-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சில பெரிய வண்ணத் தொலைக்காட்சிகள் அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசியவிட்டது வெளியே தெரிந்தது. வரவேற்பறையில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து பார்க்கும் பெட்டி அது. நாடாளுமன்றம் விசாரித்தது. 1968 அக்டோபர் 18-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம், கதிர் வெளியிடும் மின்னணுப் பொருள் எதுவானாலும் அரசு அதற்குத் தரம் வகுக்கலாம் என்றது. அந்த அதிகாரத்தின் கீழ் வந்ததுதான் 1971-ன் அடுப்பு விதி.

அந்த விதி இயந்திரத்தில் எப்படி உருவெடுத்தது என்பதை அறிய இன்றைய அடுப்பு ஒன்றின் கதவைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் பொடிப்பொடியாகத் துளையிட்ட ஓர் உலோகத் தகடு தெரியும். ஒவ்வொரு துளையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அடுப்புக்குள் சுற்றும் அலையின் நீளமோ 12.2 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்தத் துளைகள் வழியே தாராளமாக வந்துபோகும், அதனால்தான் உள்ளே தட்டு சுற்றுவதைப் பார்க்க முடிகிறது. நுண்ணலைக்கு அந்தத் தகடு முழுச் சுவர்தான்.

சிக்கல் துளைகளில் இல்லை, விளிம்பில். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும். ஆரம்ப கால அடுப்புகளில் உலோகம் உலோகத்தைத் தொட்டு அந்த இடைவெளியை அடைக்கும்படி செய்தார்கள். குழம்பு சிந்திக் காய்ந்தாலும் கீல் கொஞ்சம் தொய்ந்தாலும் அந்தத் தொடர்பு விட்டுப்போகும். பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். இன்றைய கதவின் உட்புற விளிம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். அதற்குப் பின்னால் அலை நீளத்தில் கால் பங்கு, சுமார் 3 சென்டிமீட்டர், ஆழமுள்ள பள்ளம் மடித்து மறைக்கப்பட்டிருக்கிறது. இடைவெளியில் நுழையும் அலை அந்தப் பள்ளத்துக்குள் போய்த் திரும்பி வரும்போது, எதிரே வரும் அலையை ரத்து செய்துவிடும். உலோகங்கள் தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் வாசல் அடைபடுகிறது.

திறக்கும் பட்டனை அழுத்தினால் இன்னொரு ஏற்பாடு வேலை செய்யும். கதவின் கொக்கிகள் மேலே எழும்போதே, கதவு அசைவதற்கு முன், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு மைக்ரோ ஸ்விட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டு மேக்னட்ரானுக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கும். கேட்கும் 'கிளிக்' ஓசை அதுதான். அந்த ஸ்விட்சுகளின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டால்? அதற்கென்றே மூன்றாவது ஸ்விட்ச் இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது மின்சாரம் இன்னும் அறுபடவில்லை என்றால் அது சுற்றை வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃப்யூஸைக் கருக்கிவிடும். அடுப்பு செத்துப்போகும், எதிரே நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது. காவல் ஸ்விட்சுகளில் ஒன்றையாவது விரலாலோ, 10 சென்டிமீட்டர் நீளக் குச்சியை விட்டோ இயக்க முடியாதபடி மறைத்து வைக்க வேண்டும் என்றும் அமெரிக்க விதி சொல்கிறது. ஆர்வத்தில் நோண்டும் பிள்ளைகளையும் அவசரத்தில் குறுக்குவழி தேடும் பெரியவர்களையும் மனதில் வைத்து எழுதிய வரி அது.

இவ்வளவு செய்தும் சர்ச்சை ஓயவில்லை. 1973 ஏப்ரலில் நுகர்வோர் சங்கத்தின் இதழான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' தான் சோதித்த 15 அடுப்புகளில் எதையும் முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்ல இயலாது என எழுதியது. குறைந்த அளவுக் கசிவு நீண்ட காலத்தில் என்ன செய்யும் என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை என்பது அதன் வாதம். தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். ஆனால் சங்கம் எழுப்பிய கேள்வியால் ஒரு நன்மை விளைந்தது. 1975 முதல் ஒவ்வொரு அடுப்பிலும் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று: கதவில் எதுவும் சிக்கியிருந்தால் இயக்காதீர்கள், கதவு சரியாக மூடவில்லை என்றால், கீலோ கொக்கியோ விளிம்போ சேதமாகியிருந்தால் பயன்படுத்தாதீர்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த வாசகங்கள் அச்சு மாறாமல் கையேடுகளில் வந்துகொண்டிருக்கின்றன.

1976-ல் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்தின் மீது சோவியத் அரசு பல ஆண்டுகளாக நுண்ணலையைப் பாய்ச்சிவந்தது பகிரங்கமானது. பால் புரோடர் என்ற பத்திரிகையாளர் அதே ஆண்டு 'நியூ யார்க்கர்' இதழில் தொடர் எழுதி, மறு ஆண்டு அதைப் புத்தகமாக்கினார். அரசும் ராணுவமும் நுண்ணலையின் ஆபத்தை மூடி மறைக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. தூதரக ஊழியர்களின் உடல்நலத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்து 1978-ல் தந்த அறிக்கை, நுண்ணலையால் வந்தது என்று சொல்லத்தக்க பாதிப்பு எதையும் காணவில்லை. சோவியத் யூனியன் 1976-ல் மைக்ரோவேவ் அடுப்பையே தடை செய்தது என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் கிடையாது. சோவியத் ஆலைகள் பின்னாளில் தாமே இத்தகைய அடுப்புகளைச் செய்தன.

கசிவைப் பற்றிய பயத்துக்கு எளிய பதில் தூரத்தில் இருக்கிறது. 5 சென்டிமீட்டரில் அளக்கும் கசிவு, அரை மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எல்லையளவுக்குக் கசியும் அடுப்பாகவே இருந்தாலும், ஒரு கை தூரத்தில் நிற்பவருக்குச் சேர்வது மிகச் சொற்பம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகே வரக் கூடாது என்று ஒரு காலத்தில் உணவகங்களில் அறிவிப்புப் பலகை தொங்கும். இன்றைய பேஸ்மேக்கர்களுக்கு அத்தகைய குறுக்கீட்டைத் தடுக்கும் கவசம் உண்டு. நல்ல நிலையில் உள்ள அடுப்பால் சிக்கல் இல்லை.

அமெரிக்க வீடுகளில் 1986-ல் கால்வாசியில் இருந்த அடுப்பு, 1997-க்குள் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பரவியது. அலை கதவுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அடுப்பிலிருந்து வெளியே எடுக்கும் பொருளுக்கு எந்தச் சட்டமும் ஸ்விட்ச் போட முடியவில்லை. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இந்த அடுப்பால் காயம் பட்டவர்களில் பெரும்பாலோரைச் சுட்டது கதிர்வீச்சு அல்ல; தண்ணீர், ஆவி, எண்ணெய், முட்டை.

தண்ணீரின் கதை விசித்திரமானது. கேஸ் அடுப்பில் வைத்த பாத்திரத்தில் கீறலும் கரடுமுரடும் உள்ள அடிப்பாகத்திலிருந்து குமிழிகள் கிளம்பிக் கிளம்பிக் கொதி வரும். வழவழப்பான, புதிய கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி நுண்ணலையில் வைத்தால் குமிழி பிறக்க இடம் கிடைக்காது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் கிடக்கும். மேலே ஒரு சலனமும் இல்லை, சூடாகவே இல்லையோ என்று தோன்றும். கோப்பையை எடுத்து ஒரு கரண்டி காபித்தூளைப் போட்ட கணத்தில், அடக்கி வைத்த கொதி முழுவதும் ஒரே மூச்சில் பொங்கிக் கை, முகம் எல்லாம் தெறிக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கிறது. தீர்வு எளிது: தேவைக்கு மேல் நேரம் வைக்கக் கூடாது, சர்க்கரையையோ தூளையோ முன்பே கலந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு மரக் கரண்டியைப் போட்டு வைக்கலாம். சூடானதும் அரை நிமிடம் உள்ளேயே விட்டுவிட்டு எடுப்பது நல்லது.

ஸ்பென்சர் கதையில் வெடித்த முட்டை 2017-ல் ஆய்வரங்கம் ஏறியது. அமெரிக்க உணவகம் ஒன்றில் திரும்பச் சூடாக்கிய அவித்த முட்டையைக் கடித்தவருக்கு வாய் வெந்து, காது கேட்பதும் பாதித்ததாக வழக்கு வந்தது. அதற்காக இரண்டு ஒலியியல் வல்லுநர்கள் நூற்றுக்கு நெருக்கமான முட்டைகளைத் தண்ணீரோடு நுண்ணலையில் வைத்து, பிறகு குத்திப் பார்த்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதம் வெளியே எடுத்த பின் வெடித்தன. சில வெடிப்புகளின் ஓசை 30 சென்டிமீட்டர் தொலைவில் 133 டெசிபெல் வரை போனது. மஞ்சள் கரு சுற்றியுள்ள தண்ணீரைவிட அதிகச் சூடேறி, அதற்குள் சிறையான நீர்த்துளிகள் ஓர் உரசலுக்காகக் காத்திருந்தன என்பது அவர்கள் விளக்கம். ஓட்டோடு இருந்தாலும் உரித்திருந்தாலும் முழு முட்டைக்கு மைக்ரோவேவ் அடுப்பில் இடமில்லை. பாதியாக அரிந்து வைப்பதே முறை. தோலுடன் உருளைக்கிழங்கு வைத்தால் முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிட்டு வைக்க வேண்டும். இறுக மூடிய டப்பாவுக்கும் இதே நியாயம்தான்.

நேர்மாறான ஆபத்தும் உண்டு, போதிய சூடு ஏறாதது. அடுப்புக்குள் அலைகள் சுவரில் மோதி ஒன்றோடொன்று பின்னும்போது சில இடங்களில் கூடும், சில இடங்களில் மங்கும். 1966-ல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் சுழலும் தட்டைக் கொண்டுவந்தது இதைச் சமன்செய்யத்தான். ஆனாலும் அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். உள்ளிருந்து வெளியே வேகிறது என்பது கட்டுக்கதை. 2007-ல் அமெரிக்காவில் உறைய வைத்த 'சிக்கன் பை' என்ற மாவுப் பண்டம் ஒன்றால் பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கானோர் சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்குக்கு ஆளானார்கள். பலர் அதை மைக்ரோவேவில் சமைத்திருந்தார்கள். பெட்டியில் அச்சிட்ட நேரம் சக்தி கூடிய அடுப்புக்குக் கணக்கிட்டது. தங்கள் அடுப்பு எத்தனை வாட் என்று பலருக்குத் தெரியவில்லை. 1,100 வாட்டில் போதுமான நேரம் 700 வாட்டில் போதாது. பாதி வழியில் கிளறிவிட்டு, எடுத்த பிறகும் இரண்டு நிமிடம் மூடி வைத்து, நடுவில் 74 டிகிரி எட்டியதா என்று பார்ப்பதுதான் மீந்த உணவுக்கு அங்கே சொல்லப்படும் விதி.

கைக்குழந்தையின் பால் புட்டிக்கு இந்த அடுப்பே ஆகாது. புட்டியின் வெளிப்புறம் வெதுவெதுப்பாக இருக்க, உள்ளே ஓரிடத்தில் பால் தொண்டையைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். வெந்நீரில் புட்டியை வைத்துச் சூடாக்குவதே பத்திரம்.

கதவின் கதைக்கு இந்த நூற்றாண்டில் ஓர் அத்தியாயம் கூடியது. சிகாகோவின் குழந்தைநல மருத்துவர்கள், சுடுதண்ணீராலும் சூடான உணவாலும் வெந்துபோய் வந்த பிள்ளைகளின் பதிவுகளைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தார்கள். சிலர் தாங்களே மைக்ரோவேவைத் திறந்து நூடுல்ஸ் கோப்பையையோ சூப்பையோ வெளியே இழுத்திருந்தார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை கூடக் கதவைத் திறந்துவிடுகிறது. 1971-ன் பொறியாளர்கள் அலை வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்கள், பிஞ்சுக் கை உள்ளே போவதைப் பற்றி யோசிக்கவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பின் அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் திருத்தப்பட்டது. 2023 முதல் அங்கே தயாராகும் வீட்டு அடுப்புகளின் கதவைத் திறக்க இரண்டு தனித்தனிச் செயல்கள் வேண்டும். அப்படிப்பட்ட கதவு இல்லாத வீட்டில் அடுப்பைப் பிள்ளையின் எட்டலுக்கு அப்பால் வைப்பதும், பெரியவரின் முகத்துக்கு மேலான உயரத்தில் வைக்காதிருப்பதும் சேர்ந்தே கவனிக்க வேண்டியவை. தலைக்கு மேலிருந்து கொதிக்கும் ரசத்தை இறக்குவது அதே விபத்துக்கு இன்னொரு வாசல்.

இந்தியாவில் 1990-களின் தாராளமயத்துக்குப் பின்தான் இந்த அடுப்பு நடுத்தர வீடுகளுக்குள் வந்தது. 2012-ல் மத்திய அரசு பிறப்பித்த கட்டாயப் பதிவு ஆணையில் முதல் 15 மின்னணுப் பொருள்களில் மைக்ரோவேவ் அடுப்பும் இடம்பெற்றது. உலகத் தரத்தை ஒட்டிய இந்தியத் தரத்தின்படி சோதித்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பதிவு பெற்ற பிறகே விற்கலாம். வாங்கும்போது பின்புறத் தகட்டில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தமிழ்நாட்டுச் சமையலறை எவர்சில்வரில் நடக்கிற சமையலறை. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்த குழம்பு சரியாகச் சூடேறாது. கிண்ணம் சுவரைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். கூர்மையான முனையுள்ள முள்கரண்டி, கசங்கிய அலுமினியத் தாள், விளிம்பில் தங்க ரேகை போட்ட பீங்கான் ஆகியவற்றில் பொறி இன்னும் எளிதில் கிளம்பும். ஓட்டல் பார்சல் வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவும் மெலமைன் தட்டும் இதற்குச் செய்யப்பட்டவை அல்ல. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும். எண்ணெய் மிதக்கும் குருமாவோ அதற்கு மேலும் சூடேறிப் பிளாஸ்டிக்கை இளக்கும். கண்ணாடியும் கோடில்லாத பீங்கானும் போதும். சோற்றைப் பொறுத்தவரை சூடாக்குவதைவிட எடுத்து வைப்பதில்தான் கவனம் வேண்டும். இரவு முழுக்க வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு சில சமயம் எந்தச் சூட்டுக்கும் அசையாது. ஆறியதும் சீக்கிரமே ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் மறுநாள் மைக்ரோவேவ் உதவும்.

உள்ளே ஏதாவது பற்றிக்கொண்டால் கதவைத் திறக்கக் கூடாது. காற்று கிடைக்காமல் தீ தானே அடங்கும். ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பளத்தையோ பாப்கார்னையோ வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் இருப்பது அதைவிட மேல்.

அடுப்பு பழுதானால் மூடியைக் கழற்றுவது மட்டும் யாரும் வீட்டில் செய்யக் கூடாத காரியம். உள்ளே உள்ள டிரான்ஸ்பார்மர் 2,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தித் தரும். அதோடு சேர்ந்த கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். தெருமுனைக் கடையில் ஃப்யூஸ் போனதற்கு ஒரு செம்புக் கம்பியைக் கட்டிக் கொடுத்தால், கதவுக்குக் காவலாக இருந்த மூன்றாவது ஸ்விட்சின் வேலை அத்துடன் போய்விடும். ஷார்ட் ஆனாலும் கருகுவதற்கு ஃப்யூஸ் இல்லை. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவதும் அதே ரகத் தவறு. அமெரிக்காவில் பழைய அடுப்பின் டிரான்ஸ்பார்மரைப் பிரித்தெடுத்து மரப்பலகையில் மின்னல் வடிவக் கோலம் எரிக்கும் பொழுதுபோக்கில் பலர் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைச் செய்து காட்டுவதற்கே தடை போட்டிருக்கிறது. ஆயுள் முடிந்த அடுப்பைப் பரணில் போட்டுப் பிறகு யாரோ பிரிக்க விடாமல், முழுப் பெட்டியாகவே மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்கலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகளின் பட்டியலில் மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கிறது.